ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: பிரீதர் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது. இந்த மூன்றையும் சொன்னால் பல ஒர்க் ஷாப்களில் உடனே வரும் பதில் "டர்போ போச்சு" அல்லது "ரிங் போச்சு". இருக்கலாம்தான். ஆனால் இந்த மூன்றையுமே ஒரு கிழிந்த ரப்பர் ஹோஸோ, ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன வால்வோ தனியாகச் செய்துவிடும். அதனால் டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு பிரீதரை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ஹோஸ்-வால்வு அமைப்பை, முழுசாகப் பார்த்து முடித்துவிடுங்கள்.

இங்கே சொல்வது 2000-களில் நம் ஊரில் விற்ற ஆக்டேவியா ஆர்எஸ் வண்டியின் 1781 சிசி, 20 வால்வு டர்போ இன்ஜினை வைத்து. வெளிநாட்டு கோல்ஃப் 4, முதல் தலைமுறை ஆடி டிடி போன்றவற்றில் குறுக்காக உட்கார்ந்திருப்பதும் இதே குடும்பம்தான். பஸாட், ஆடி ஏ4 கார்களில் இன்ஜின் நெடுக்காக இருப்பதால் ஹோஸ் ஓடும் பாதை மாறும். சோதிக்கும் முறை மாறாது.

வாயு போகும் வழி

ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கிராங்கேஸுக்குள் (கிராங்க் சுற்றும் அறை) இறங்கத்தான் செய்யும். பிளோ-பை என்பது இதுதான். அது வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்தக் காலத்தில் ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியா 1961-இல் அதை மறுபடி இன்டேக்குக்கே, அதாவது இன்ஜின் காற்று இழுக்கும் பக்கத்துக்கே, அனுப்பச் சொன்னது. பிறகு எல்லா நாடுகளும் அந்த வழிக்கு வந்தன.

டர்போ இல்லாத வண்டியில் இது சுலபம். இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) எப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டர்போ வண்டியில் ஐடிலிங்கில் மேனிஃபோல்டு உறிஞ்சும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வந்தால் ஊதும். அதனால் வாயுவுக்கு இரண்டு வழி வைக்க வேண்டியிருக்கிறது. இந்த இன்ஜினில் முன்பக்கம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் இருக்கும் இடத்திலிருந்து ஒரு குழாய் மேலேறும். டேப்பட் கவரிலிருந்து இன்னொன்று வந்து அதோடு சேரும். சேர்ந்த பிறகு ஒரு கிளை நான்-ரிட்டர்ன் வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கும், இன்னொரு கிளை வட்டமாக, தட்டையாக இருக்கும் ரெகுலேட்டர் வால்வு வழியாக டர்போவின் இன்லெட் பைப்புக்கும் போகும். வீட்டு மோட்டர் பைப்பில் தண்ணீர் திரும்பாமல் இருக்க ஒரு வால்வு போடுகிறோமே, முதலில் சொன்னதற்கு அதே வேலைதான்: பூஸ்ட் திரும்பி கிராங்கேஸுக்குள் போகக் கூடாது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போவுக்குள் ஆயில் போவது பம்ப் அழுத்தத்தில். வெளியே வருவது தன் எடையால் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்துதான். கிராங்கேஸில் அழுத்தம் இருந்தால் அந்த ஆயில் இறங்காமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி இன்டேக் பக்கமும் சைலன்சர் பக்கமும் போகும். நல்ல டர்போ கெட்டுப்போனது போலத் தெரிவது இதனால்தான். புது டர்போ போட்ட பிறகும் புகை நிற்காத வண்டிகளின் கதையும் பெரும்பாலும் இதுவே.

எதையும் கழற்றும் முன்

சமதரையில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 4.5 லிட்டர் ஆயில். ஐந்து லிட்டர் கேனைத் திறந்தாகிவிட்டதே என்று மொத்தத்தையும் ஊற்றிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அளவு கூடினால் கிராங்க் சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கி, பிரீதர் வழியே இன்டேக்குக்கு அனுப்பிவிடும். வரும் அறிகுறி எல்லாம் அச்சு அசலாக பிரீதர் கோளாறு போலவே இருக்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால் அதையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்ஜெக்டர் ஒழுகி ஆயில் மட்டம் ஏறியிருக்கலாம்.

ஐடிலிங்கில் ஆயில் கேப்பைத் திறந்தால்

இதைவிட மலிவான சோதனை கிடையாது. இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, ஆயில் கேப்பைத் திறந்து, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையையோ மெல்லிய பாலிதீன் பையையோ மூடிப் பிடியுங்கள். கொஞ்சம் ஆயில் தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை லேசாக உள்ளே இழுபட்டு, கேப் திறந்த நேரத்தில் ஐடிலிங்கும் கொஞ்சம் தடுமாறினால் அந்த வழி திறந்திருக்கிறது, உறிஞ்சுகிறது என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போகலாம்.

பை உப்பி நின்றால் வாயு வெளியேற வழியில்லை. முதலில் டேப்பட் கவரிலிருந்து வரும் ஹோஸையும், பிளாக்கிலிருந்து வரும் குழாயையும் கழற்றி, விரலை விட்டுப் பாருங்கள். வாயில் மெல்லிய கறுப்புப் படலம் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் தார் போலக் கெட்டியாக, நறநறவென்று வந்தால் விஷயம் ஹோஸோடு நிற்காது. அது ஸ்லட்ஜ், கெட்டுப்போய் உறைந்த ஆயில். இதே இன்ஜின் பொருத்திய பஸாட், ஏ4 கார்களுக்காக அமெரிக்காவில் ஸ்லட்ஜ் வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்திருக்கிறது. பிரீதரை அடைத்த அதே சரக்கு சம்ப்பில் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் இந்த நிலையில் ஹோஸை மட்டும் மாற்றி வண்டியை அனுப்புவது ஆபத்து. சம்ப்பை இறக்கி வலையைக் கண்ணால் பாருங்கள். கடையில் விற்கும் ஆயில் ஃப்ளஷ் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவாக ஒட்டிக் கிடப்பதை ஒரே நேரத்தில் கரைத்து வலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம் ஆயில் பிரஷர் லைட் எரியும். சம்ப்பைச் சுத்தம் செய்து, வி.டபிள்யூ. 502 00 தரத்துக்கு உட்பட்ட ஃபுல் சிந்தெடிக் ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, முதல் இரண்டு மூன்று முறை சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதே பாதுகாப்பான வழி. 15,000 கி.மீ. வரை ஒரே ஆயிலில் இழுப்பது நம் ஊர் டிராஃபிக்குக்கும் இந்தப் பழைய டர்போவுக்கும் சரிப்படாது.

கேப்பைத் திறந்தும் ஐடிலிங்கில் துளி மாற்றமும் இல்லை, பை உப்பவும் இல்லை, இழுபடவும் இல்லை என்றால் மேனிஃபோல்டுக்குப் போகும் கிளை அடைத்திருக்கிறது, அல்லது யாரோ அதை ஸ்க்ரூ போட்டு அடைத்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம்.

கேப்பைத் தூக்கவே முடியாத அளவுக்கு உள்ளே இழுக்கிறது, கூடவே கீச்சென்று ஒரு சத்தம். இது அளவு மீறிய வாக்யூம். பின்பக்க கிராங்க் சீல் வழியாகக் காற்று உள்ளே இழுபடும்போது அப்படிச் சத்தம் வரும். கேட்ச் கேன் (பிரீதர் வாயுவிலிருந்து ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போட்டவர் மேனிஃபோல்டு பக்கம் ஒரிஜினல் வால்வை எடுத்துவிட்டு, வாய் பெரிதான ஹோஸை நேரடியாகச் செருகியிருப்பார். ஒரிஜினலைத் திரும்பப் போடுங்கள்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, உஸ் சத்தம், செக் இன்ஜின் லைட்

ஏர் மாஸ் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டி எங்கே காற்று உள்ளே புகுந்தாலும் இசியு-வுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கணக்கு தெரியாது, மிக்சர் ஒல்லியாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. ஸ்கேன் செய்தால் 17544 என்ற கோடு வரும். இது ஐடிலிங்கில் மிக்சர் ஒல்லி என்று சொல்வது. 17536 வந்தால் ஓட்டத்தில் ஒல்லி. அதற்குப் பெரும்பாலும் மாஸ் சென்சாரையோ பெட்ரோல் பிரஷரையோ பார்க்க வேண்டும். வி.சி.டி.எஸ். என்ற ஸ்கேன் சாஃப்ட்வேர் இருந்தால் மெஷரிங் பிளாக் 032-ஐத் திறவுங்கள். இரண்டு எண் தெரியும்: முதலாவது ஐடிலிங் திருத்தம், இரண்டாவது ஓட்டத் திருத்தம். முதலாவது மட்டும் ஏறிக் கிடந்தால் வாக்யூம் லீக் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

லீக் இருக்கும் இடம் வழக்கமாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். அங்கே ஒரு ரப்பர் எல்போவும் (வளைவு) டி-யும் (மூன்று வாய் இணைப்பு) இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையை நுழைத்துத்தான் தடவ வேண்டும். பதினைந்து இருபது வருடச் சூடும் ஆயிலும் சேர்ந்து அந்த ரப்பர் மிட்டாய் போலப் பிசுபிசுத்துவிடும். அழுத்தினால் விரல் பதிந்து அப்படியே நிற்கும். சில வண்டிகளில் வெளியே முழுசாக இருந்து, ஐடிலிங் வாக்யூமில் மட்டும் உள்ளே சப்பிக்கொள்ளும். அதனால் இன்ஜின் ஓடும்போது ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். இதைத் தனித்தனியாக மாற்றாதீர்கள். ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். எல்போ, டி, நான்-ரிட்டர்ன் வால்வு, கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். பிளாக்கிலிருந்து மேலே வரும் பிளாஸ்டிக் குழாய் இந்த வயதில் பிஸ்கட் பதம். பழைய கிளாம்ப்பைத் திருகி எடுக்கும்போதே உடையும். வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

உஸ் சத்தம் டர்போ இன்லெட் பைப் பக்கத்திலிருந்து வந்தால் அந்த வட்ட ரெகுலேட்டர் வால்வைப் பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் வால்வில் உள்ள சிறு துளை வழியாகக் காற்று உள்ளே போகும். துளையை விரலால் மூடினால் சத்தம் நின்று ஐடிலிங்கும் சீராகிறதா? அப்படியானால் அதை மாற்ற வேண்டியதுதான், ஒட்டுப்போட்டால் நிற்காது.

கூடவே பிரேக் மிதி கட்டை போல இறுகினால் முதலில் இங்கேயே தேடுங்கள். பிரேக் பூஸ்டருக்கான வாக்யூம் குழாயும் இதே மேனிஃபோல்டு கூட்டத்தில்தான் இருக்கிறது. இது பாதுகாப்பு விஷயம். சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பூஸ்டில் டிப்ஸ்டிக் எழும்புகிறது, கிராங்க் சீல் கசிகிறது

ஐடிலிங்கில் எல்லாம் சரி. ஆக்சிலேட்டரை அழுத்தி ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டிப்ஸ்டிக் பாதி வெளியே நிற்கிறது, டேப்பட் கவர் பேக்கிங் ஓரம் ஈரம். இந்தக் கதையில் சந்தேகிக்க வேண்டிய முதல் ஆள் நான்-ரிட்டர்ன் வால்வு. அது மூடாவிட்டால் மேனிஃபோல்டின் பூஸ்ட் முழுசாக கிராங்கேஸுக்குள் பாயும். ஒரிஜினல் ட்யூனில் சுமார் அரை பார். ரீமேப் செய்த (இசியு ட்யூனை மாற்றிய) வண்டியில் அது இரண்டு மடங்காகக்கூட ஆகும். கிராங்க் சீல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

வால்வைக் கழற்றித் துடைத்து வாயால் ஊதிப் பாருங்கள். மேனிஃபோல்டு பக்கம் நோக்கி ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும். எதிர்ப்பக்கம் ஊதினால் கொஞ்சமும் போகக் கூடாது. "கொஞ்சம் போகுது, பரவாயில்லை" என்பது இங்கே செல்லாது. வாயால் ஊதிப் பார்ப்பதில் தப்பிக்கும் வால்வுகளும் உண்டு. அதனால் அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்ப்பை எதிர்ப்பக்கம் செருகி ஒரு பார் வரை ஏற்றி, முள் நிற்கிறதா என்று பார்ப்பது உறுதியான வழி. மாட்டும்போது திசையைக் கவனியுங்கள். அம்புக்குறி அழிந்துபோன வால்வைத் தலைகீழாகப் போட்டால் இரண்டு கோளாறும் ஒன்றாக வந்து சேரும்: ஐடிலிங்கில் உறிஞ்சாது, பூஸ்டில் ஊதும்.

பூஸ்ட் லீக் டெஸ்ட் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்லெட் பைப்பில் காற்றை ஏற்றும்போது அது பிரீதர் கிளை வழியாக கிராங்கேஸுக்குள்ளும் போகும். சோதனை செய்யப் போய் நல்ல சீலைப் பிதுக்கிவிடக் கூடாது. இன்லெட் பைப்பில் பிரீதர் சேரும் வாயை அடைத்து, ஆயில் கேப்பைத் திறந்து வைத்துவிட்டு ஏற்றுங்கள். இப்போது ஆயில் கேப் வாயில் காற்றுச் சத்தம் கேட்டால், மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை இடுக்கியால் மெதுவாக நெரியுங்கள். சத்தம் நின்றால் வால்வுதான் குற்றவாளி. நிற்காவிட்டால் அந்தக் காற்று ரிங்கைத் தாண்டி வருகிறது. லேசாக வருவது இயல்பு. பலமாக வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். இந்த இன்ஜினில் எந்த சிலிண்டரும் 7 பாருக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசமும் 3 பாரைத் தாண்டக் கூடாது.

வால்வு சரி, கம்ப்ரஷனும் சரி, ஆனாலும் பூஸ்டில் அழுத்தம் ஏறுகிறது என்றால் இன்லெட் பைப் கிளையைப் பாருங்கள். பூஸ்டில் வாயு போக இருப்பது அந்த ஒரே வழி. அந்த ஹோஸ் மடிந்தோ, சின்னதாக மாற்றப்பட்டோ இருக்கும்.

கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள தெளிவான டியூபை U வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் ஹோஸ் வைத்து மாட்டுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 10 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 மில்லிபார். ஐடிலிங்கில் இன்ஜின் பக்கத் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். டியூபைக் குட்டையாக வைத்தால் வாக்யூம் அதிகமுள்ள வண்டி தண்ணீரை உள்ளே குடித்துவிடும்.

நீலப் புகை

எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது ஒரு பொதி புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீலைச் சந்தேகியுங்கள்; பிரீதருக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. சிக்னலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வந்தால் டர்போவின் ஆயில் இறங்கு குழாயும் பிரீதரும் இரண்டுமே சந்தேகத்தில் இருக்கின்றன. பூஸ்டில் மட்டும் தொடர்ந்து வந்தால் மேலே சொன்ன நான்-ரிட்டர்ன் வால்வு சோதனை.

டர்போவைக் குறை சொல்லும் முன் ஒரு பரிசோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி வைத்துப் பிரீதர் ஹோஸை இன்லெட் பைப்பிலிருந்து எடுத்து, அந்த வாயை அடைத்துவிட்டு, ஹோஸ் முனையை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். புகை நின்றுவிட்டால் ஆயில் பிரீதர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நிற்காமல், டர்போ கம்ப்ரசர் வாயும் ஈரமாக இருந்து, ஷாஃப்டும் விரலில் ஆடினால் அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம். இது சோதனைக்கு மட்டும்.

இன்டர்கூலரில் ஆயில்

உள்ளே மெல்லிய படலம் இருப்பது சாதாரணம். ஹோஸைக் கழற்றினால் கொட்டுகிற அளவு இருந்தால்தான் கேள்வி.

கேட்ச் கேன் போடுவதாக இருந்தால்

பூஸ்ட் ஏற்றிய வண்டிக்குக் கேட்ச் கேன் நல்லதுதான். ஆனால் பழுதான ஒரிஜினல் சிஸ்டத்தின் மேல் கேனை வைத்தால் பழுது கேனோடு சேர்ந்து ஓடும். முதலில் மேலே சொன்னதெல்லாம் சரியாக வேண்டும்.

மூடிய கேன் வாங்குங்கள். தலையில் குட்டி ஃபில்டர் வைத்த கேனை மேனிஃபோல்டோடு இணைத்தால் அந்த ஃபில்டர் வழியாகவே கணக்கில்லாத காற்று உள்ளே போய் 17544 திரும்ப வரும். பிளாக், டேப்பட் கவர் ஹோஸ்கள் இரண்டும் கேனுக்குள். கேனிலிருந்து வெளியே வரும் ஹோஸ் டி-யில் பிரிந்து, ஒரு கிளை நான்-ரிட்டர்ன் வால்வோடு மேனிஃபோல்டுக்கும், மற்றது ரெகுலேட்டர் வழியாக இன்லெட் பைப்புக்கும். உள்ளே தடுப்பும் வலையும் இல்லாத கேன் வெறும் டப்பா. ஆயில் ஆவி ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் போய்விடும். ஹோஸ் உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறையாமல், கேனை நோக்கிச் சரிவாக, நடுவில் தொய்வு இல்லாமல் ஓட வேண்டும். தொய்வில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். டர்போ சூட்டிலிருந்து தள்ளி வைத்தால் ஆவி நன்றாகக் குளிர்ந்து படியும்.

ஹோஸ் விஷயத்தில் பளபளக்கும் சிலிக்கானுக்கு மயங்க வேண்டாம். சாதாரண சிலிக்கான் ஆயிலில் ஊறி உப்பி வியர்க்கும். உள்ளே ஃப்ளோரோ பூச்சு உள்ளது, அல்லது ஆயிலுக்கான நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாங்கும் தெளிவான தண்ணீர் டியூப் இன்ஜின் சூட்டில் இளகி வாக்யூமில் சப்பிவிடும்.

போட்ட பிறகு கேனில் வெள்ளையாக மோர் போல ஏதோ சேர்ந்தால் பதற வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டத்தில் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்தது. மழைக்காலத்திலும் ஊட்டிப் பக்கமும் அதிகம் வரும். கூலண்ட் மட்டமும் குறைந்தால்தான் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கேனில் சேர்ந்தது தண்ணீரும் பெட்ரோலும் கலந்த கழிவு, இன்ஜினில் திரும்ப ஊற்றாதீர்கள்.

வண்டிக்குள் ஆயில் வாசனை

யாரோ பிரீதரை அவிழ்த்து முனையில் ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். ஏசி காற்று இழுக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் வாசனை உள்ளே வரும். பார்க்கத் துடிப்பாக இருக்கும். ஆனால் கிராங்கேஸ் வாயுவை வெளியே விடுவது எமிஷன் விதிக்கு மாறானது. ஐடிலிங்கில் மேனிஃபோல்டு செய்து வந்த உறிஞ்சலும் போய்விடுவதால் உள்ளே ஈரமும் ஸ்லட்ஜும் சேர்வது கூடும். ரோட்டில் ஓடும் வண்டியில் எடுத்துவிட்டு ஒரிஜினல் இணைப்பைப் போடுவதே சரி. இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி திறந்த பிரீதர் வைத்தால் ஆயில் டிராக்கில் சிந்தாமல் பிடிக்கும் டேங்க் வேண்டும்: 2000 சிசி வரையுள்ள இன்ஜினுக்குக் குறைந்தது 2 லிட்டர், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி.